தவறு திரும்பி வரும் வழி: ஏலமலைச் சரிவுகளில் கற்றதும் கல்லாததும்

பச்சை ஏலக்காய் 5 கிலோ உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். ஐந்தை ஒன்றாக்கும் இந்த வேலை, தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் உலர்கூடத்தில் நடக்கிறது. 40 முதல் 50 டிகிரிச் சூட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். சூடு கூடிவிட்டால் பச்சை போய்க் காய் பழுப்பேறும். ஈரம் வெளியேற வழி இல்லாவிட்டால் நிறம் மங்கும். மறுநாள் தட்டை இழுத்து ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்கும்போதே ஸ்டோர்க்காரருக்குப் பாதிச் சேதி தெரிந்துவிடும். பிஞ்சில் பறித்தது சுருங்கிக் கிடக்கும். பழுக்க விட்டது வாய் பிளந்திருக்கும். உள்ளே விதை கறுத்து, மேல்தோல் பச்சை மாறாத பக்குவத்தில் எடுத்தது மட்டும் திரண்டு நிற்கும். அடுப்பில் செய்த பிழையும் பறிப்பில் செய்த பிழையும் ஒரே தட்டில், ஒரே நாளில், செய்தவர் கண்முன்னே வந்துவிடுகின்றன.

அதனால்தான் போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலே போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு என்று விரியும் ஏலமலையிலும் காய் உலர்த்தத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. யாரும் இதற்காகப் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் இதே மலையில், இதே மனிதர்களிடையே, பூச்சிக்கொல்லி எச்சம் என்ற பிரச்சினை பல ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. ஒன்றைச் சில மாதங்களில் கற்றவர்கள் மற்றொன்றை ஏன் இத்தனை காலமாகக் கற்கவில்லை? அறிவிலோ அக்கறையிலோ குறை என்று நான் நினைக்கவில்லை. செய்தவரிடம் தவறு திரும்பி வரும் வழி ஒன்றில் திறந்திருக்கிறது, மற்றொன்றில் அடைபட்டிருக்கிறது. மனிதர்களும் நிறுவனங்களும் கற்பதைப் பற்றி உலகில் நடந்த ஆய்வுகளை இந்த ஒரு மலையின் அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது.

செய்து செய்து கற்பதைக் கணக்கில் பிடித்த முதல் முயற்சிகளில் ஒன்று 1936இல் டி.பி. ரைட் எழுதிய கட்டுரை. விமானத் தயாரிப்பின் எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஒரு விமானத்துக்கான உழைப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவதை அவர் காட்டினார். 1962இல் கென்னத் ஆரோ இதைப் பொருளாதாரக் கோட்பாடாக்கினார். தொடர்ந்து செய்தால் கை பழகும், செலவு குறையும். ஸ்டோர்க்காரரின் கதைக்கு இது பொருந்துகிறது. தொழிற்சாலைக்குள் எல்லாம் கண்முன் நடப்பதால் அங்கும் பொருந்துகிறது. மலைச்சரிவில் எல்லாம் கண்முன் நடப்பதில்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நிறுவனங்கள் நன்றாகக் கற்ற ஒரு பழைய கதை. போடிக்கு மேலே கொட்டகுடி, அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். மூணாறுத் தேயிலையை மலையிலிருந்து இறக்குவது நூறாண்டுக்கு முன் பெரும் பாடு. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடுகளை வைத்து வண்டி இழுத்தார்கள். அது போதவில்லை. 1908இல் அதைப் பெயர்த்துவிட்டு இரண்டடி அகலக் குறும்பாதை அமைத்து நீராவி எஞ்சினை ஓடவிட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அங்கிருந்து போடி வழியாகச் சமவெளிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. மறுபடி அதைக் கட்டவில்லை. சாலையையும் கம்பிவடத்தையும் நம்பினார்கள். 1928இல் போடிக்கே மதுரையிலிருந்து ரயில் வந்தது. பழையதைத் திருத்துவதோடு நிற்காமல், இந்த மலைக்கு இந்த வழி சரிதானா என்று கேட்டு, பணம் போட்ட ஒன்றைக் கைவிடவும் துணிந்தது ஒரு நிறுவனம். அதற்கு ஒரு பெருவெள்ளம் வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷோன் இருவரும் 1978இல் வெளியிட்ட நூல் இந்த வேறுபாட்டுக்குப் பெயர் கொடுத்தது. குறிக்கோளையும் விதிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு செயலை மட்டும் திருத்துவது ஒற்றை வளையக் கற்றல். அந்தக் குறிக்கோளும் விதியும் சரியா என்று கேட்பது இரட்டை வளையக் கற்றல். பெரும்பாலான நிறுவனங்கள் முதலாவதில் கெட்டி. இரண்டாவதைத் தவிர்க்கவே தம்மை அறியாமல் பழகியிருக்கின்றன என்பது ஆர்கிரிஸும் ஷோனும் கண்டது. ஏலமலையின் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஞள்ளானி என்ற ஏலக்காய் ரகத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஏலத்துக்கு ஆராய்ச்சி நிலையங்கள் இல்லாமல் இல்லை. பாம்பாடும்பாறையில் 1956இலேயே நிலையம் வந்தது. மயிலாடும்பாறையில் 1978இல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஆனாலும் மலையை மாற்றிய ரகம் கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயியின் தோட்டத்திலிருந்து வந்தது. தன் தோட்டத்தில் மற்றவற்றைவிட நன்றாகக் காய்த்த தட்டைகளை, அதாவது ஏலச் செடிகளை, அவர் கவனித்துப் பிரித்தார். விதையை நம்பாமல் கிழங்கோடு பிரித்து நட்டுப் பெருக்கினார். நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு 1,500 கிலோ வரை கிடைத்தது. முன்பு சில நூறு கிலோ கிடைத்தாலே பெரிது. அரசின் பிரசாரம் இல்லாமலே தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குத் தட்டைகள் போய், சில ஆண்டுகளில் ஏலமலையின் பெரும்பகுதி ஞள்ளானியானது. தேசியப் புத்தாக்க அறக்கட்டளை பின்னர் அவருக்கு விருது கொடுத்தது.

ஆராய்ச்சி நிலையம் காணாததை விவசாயி கண்டார் என்று இதைச் சுருக்கிவிடுவது எளிது. நடந்தது அதைவிட நுட்பமானது. ஒரே தோட்டத்தில் ஆயிரக்கணக்கான தட்டைகளை ஆண்டுக்கணக்கில் தினமும் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. பார்த்ததை மறுநாளே செய்துபார்க்க நிலமும் இருந்தது. கவனிப்பதும் முடிவெடுப்பதும் விளைவைத் தாங்குவதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. ஆராய்ச்சி நிலையத்தில் அவை மூன்றும் மூன்று மேசைகளில் கிடக்கும்.

ஆனால் அந்த வெற்றியே அடுத்த பிரச்சினைக்கு வித்திட்டது. ஒரே ரகம், அதுவும் ஒன்றிலிருந்து பிரித்த ஒரே வார்ப்பு, மலை முழுவதும் நின்றது. அது நிறைய உரம் கேட்டது, தண்ணீர் கேட்டது, வெளிச்சம் கேட்டது. நிழல் மரங்களின் கிளைகள் கழிக்கப்பட்டன. ஏலப்பேனும் தண்டுத் துளைப்பானும் பெருகின, மருந்தடிப்பும் பெருகியது. பார்பரா லெவிட், ஜேம்ஸ் மார்ச் இருவரும் 1988இல் இதைத் திறமைப் பொறி என்றார்கள். ஒரு வழியில் நாம் தேறத் தேற, அதைவிட்டு வேறு வழியைத் தேடுவது அந்த அளவுக்குக் கடினமாகும்.

அடுத்து, அக்கம்பக்கத்திடமிருந்து கற்பது. கானா நாட்டின் அன்னாசி விவசாயிகளை ஆராய்ந்த டிமதி கான்லி, கிறிஸ்டோபர் உட்ரி இருவரும் 2010இல் எழுதினார்கள்: தனக்குச் சேதி சொல்லும் பக்கத்துக்காரருக்கு எதிர்பாராத லாபம் கிடைத்தால், விவசாயி தன் உர அளவை அவருடைய அளவை நோக்கி மாற்றுகிறார். இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றை இந்தியாவிலிருந்தே 2004இல் கைவன் முன்ஷி காட்டினார். பசுமைப் புரட்சியின்போது கோதுமை விவசாயிகள் அண்டை வயலைப் பார்த்து நிறையக் கற்றார்கள். நெல் விவசாயிகள் குறைவாகவே கற்றார்கள். நெல்லின் புதிய ரகங்கள் மண்ணுக்கு மண், நீருக்கு நீர் வேறுவிதமாக நடந்துகொண்டதால், பக்கத்து வயலின் விளைவு தனக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியவில்லை.

ஏலம் இந்த விஷயத்தில் நெல்லையும் மிஞ்சியது. மேற்கே பார்த்த சரிவு தென்மேற்குப் பருவமழையை முழுதாக வாங்கும்; போடிப் பக்கம் இறங்கும் கிழக்குச் சரிவு மழை மறைவில் நிற்கும். நிழலும் உயரமும் காற்றும் நூறு அடிக்கு ஒருவிதம். ஒருவர் தோட்டத்தில் அழுகல் நோயைத் தடுத்த முறை அடுத்த மடிப்பில் பயன்படாமல் போகலாம். ஆகவே ‘அவர் அடித்தார், எனக்கும் அதைக் கொடுங்கள்’ என்று மருந்துக்கடையில் கேட்பது, கற்பதைப் போலத் தோன்றினாலும் கற்றல் ஆகாது.

கட்டே நோய் இன்னொரு பாடம். இலையில் வெளிர்கோடு விழுந்து, தட்டை குன்றிக் காய்ப்பே நின்றுபோகும் வைரஸ் நோய் அது. வாழை அசுவினி அதைச் செடிக்குச் செடி கடத்தும். மருந்து இல்லை. நோய் கண்ட தட்டையைத் தோண்டி எடுத்து அழிப்பதுதான் வழி. இது தோட்டத்தார் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நான் மட்டும் தோண்டி எறிந்து, வேலிக்கு அப்பால் ஒருவர் விட்டுவைத்தால் என் உழைப்பு வீண். தெரிந்தும் செய்யாமல் விடுவதற்கு இங்கே நியாயம் இருக்கிறது. சிலவற்றை ஒரு தனி மனிதர் கற்றால் போதாது. ஒரு சரிவே சேர்ந்து கற்க வேண்டும். அந்தச் சரிவு என்ற அளவில் நமக்கு அமைப்பு ஏதும் இல்லை. நறுமணப் பொருள் வாரியம் இருக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன. ஓர் ஓடையின் இரு கரையிலும் உள்ள முப்பது தோட்டக்காரர்கள் ஒன்றாக உட்காரும் இடம் இல்லை.

விற்பனையில் மட்டும் அப்படி ஓர் இடம் உண்டு. போடியில் ஏலக்காய் விற்பனை வெகுகாலம் வாய்விட்டுக் கூவும் ஏலத்தில் நடந்தது. 2007இல் நறுமணப் பொருள் வாரியம் இங்கே மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. இன்று போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் ஏல மையங்கள் நடக்கின்றன. ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண். வியாபாரி மாதிரிக் காயைக் கையில் கொட்டிப் பார்க்கிறார்: பச்சை எப்படி, 8 மில்லிமீட்டரா 7 மில்லிமீட்டரா, லிட்டருக்கு எத்தனை கிராம், சொறி விழுந்திருக்கிறதா. திரையில் விலை ஏறுகிறது, நிமிடங்களுக்குள் முடிகிறது. எந்தக் குவியல் என்ன விலைக்குப் போனது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. பழைய ஏலத்தில் இருந்த ஐயங்களில் பலவற்றை இது தீர்த்தது. ஒரு நிறுவனம் பிரச்சினையைக் கண்டு முறையை மாற்றியதற்கு இது நல்ல சான்று.

விலையும் ஓர் ஆசிரியர்தான், ஆனால் பொய்யும் சொல்லிக்கொடுக்கும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் விளைச்சல் சரிந்து, 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ அதிகபட்சம் 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த விலையைக் கண்டவர்கள் புதிதாக நட்டார்கள், கடன் வாங்கினார்கள், அதிக வாடகைக்குத் தோட்டம் பிடித்தார்கள். நட்ட செடி காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். 2021இல் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஓர் அசாதாரண ஆண்டை விதியாக எடுத்துக்கொண்டதன் விலை அது. அபூர்வமாக ஒருமுறை நடந்ததிலிருந்து எப்படிக் கற்பது என்று ஜேம்ஸ் மார்ச்சும் அவருடைய சகாக்களும் 1991இல் கேட்டார்கள். நடந்ததை மட்டும் பார்க்காமல், நடந்திருக்கக்கூடியவற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன வழி.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். ஏல மையத்தில் வியாபாரி பார்ப்பவை எவை என்று மறுபடி எண்ணிப் பாருங்கள். நிறம், பருமன், எடை, சொறி. ஏலப்பேன் சுரண்டிய காயில் சொறி விழும். சொறி விழுந்தால் விலை குறையும். அந்த இழப்பு அந்த வாரமே விவசாயி கைக்கு வரும். மருந்தின் எச்சம் கண்ணுக்குத் தெரியாது. ஏலத்தில் அதற்கு விலை இல்லை. ஆக ஒவ்வொரு ஏலமும் விவசாயிக்கு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: இன்னொரு சுற்று மருந்து அடி. அவர் கற்காமல் இல்லை. ஏலம் கற்பித்ததை அப்படியே கற்றிருக்கிறார்.

எச்சத்தின் விளைவு போய்ச் சேரும் இடங்கள் வேறு. மருந்தடிக்கும் தொழிலாளியின் தோலிலும் மூச்சிலும் இறங்குகிறது. ஏலப்பூவில் காய் பிடிக்கத் தேனீ வேண்டும். காலையில் பூ விரிந்து தேனீ வரும் நேரத்தில் அடித்த மருந்து தேனீயைக் கொல்கிறது. பூச்சியைத் தின்னும் பூச்சிகளும் போய்விடுவதால் அடுத்த தாக்குதல் கடுமையாகிறது. கடைசியில் கடல் கடந்து சவுதி அரேபியாவில் சரக்கு மறுக்கப்படுகிறது. அதற்குள் அந்தக் காய் பல குவியல்களோடு கலந்து பல கை மாறியிருக்கும். எந்தச் சரிவின் காய் என்று யாருக்கும் தெரியாது. தவறு திரும்பி வருகிறது, ஆனால் யார் வீட்டுக்கும் வராமல் பொதுவாக ‘இந்திய ஏலக்காய்’ தலையில் விழுகிறது. உலகச் சந்தையின் பெரும்பகுதியோ ஏற்கெனவே குவாதமாலாவின் கையில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஏலச்செடி அங்கே போனது; இன்று ஏற்றுமதியில் அது நமக்கு வெகுதூரம் முன்னே.

2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாதத்தில் சேர்த்த ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக ஆய்வில் தெரிந்து, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கு டின்னைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் நடந்தது. காய் விளைந்த மலையைப் பற்றி நடக்கவில்லை. கற்க வேண்டிய ஒரு தருணம், யார் பொறுப்பு என்ற வாதமாகவே முடிந்துபோனது.

வேறு வழி உண்டு என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. நெல்லில் புகையான் பெருகியதற்கு மருந்தே காரணம் என்று பூச்சியியலாளர்கள் காட்டியதும், 1986இல் சுகார்த்தோ அரசு நெல்லுக்கான 57 பூச்சிக்கொல்லி மருந்துகளைத் தடை செய்தது. தடையோடு விடவில்லை. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் வந்தன. வாரம் ஒருமுறை விவசாயிகள் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணினார்கள். தின்பவை எத்தனை, தின்பவற்றைத் தின்பவை எத்தனை என்று படம் வரைந்தார்கள். அடிப்பதா வேண்டாமா என்று அங்கேயே சேர்ந்து முடிவெடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாதிருந்த விளைவைக் கண்முன் கொண்டுவந்ததுதான் அந்தப் பள்ளிகளின் சாதனை. எந்த மருந்து, எவ்வளவு என்ற கேள்வியிலிருந்து, இந்த வயல் ஏன் மருந்து கேட்கிறது என்ற கேள்விக்கு அவர்கள் நகர்ந்தார்கள். நம் வேளாண் துறையும் இந்தப் பள்ளிகளின் பெயரை அறியும். செங்குத்துச் சரிவில், ஏலத் தட்டைகளுக்கு நடுவே, ஒரு பருவம் முழுக்க அப்படி நடத்துவது இன்னும் இங்கே வழக்கமாகவில்லை.

அரசுத் துறைகள் கற்பதற்கும் போடிக்கு மேலேயே ஒரு துயரச் சான்று உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி, 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலில் மேலே ஏறிக் காயப்பட்டவர்களைத் தூக்கியவர்கள் உள்ளூர் மக்கள். அரசு அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024இல் தமிழ்நாடு அரசு 40 பாதைகளுடன், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது; குரங்கணியும் அதில் இருக்கிறது. தடை போட்டுவிட்டு மறப்பது எளிதாக இருந்திருக்கும். எந்தப் புல் எந்த வாரத்தில் காயும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்த உள்ளூர்க்காரரை முறைக்குள் கொண்டுவந்ததுதான் அதில் உண்மையான கற்றல். அதற்கு இத்தனை உயிர் போக வேண்டியிருந்தது என்பது ஆறாத வலி.

ஏலமலையிலும் உள்ளூர் அறிவு யாரிடம் இருக்கிறது? விடியுமுன் போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து மெட்டு ஏறுகிற பெண்களிடம். ஒவ்வொரு சுற்றிலும் தட்டையின் அடியில் குனிந்து, சரத்தை ஒதுக்கி, எந்தக் காய் கறுத்தது எது பிஞ்சு என்று விரலாலேயே அறிகிறவர்கள் அவர்கள். புதிதாக வந்த பெண்ணுக்கு மூத்த அக்கா காட்டிக்கொடுக்கிறார். பேன் எந்த மூலையில் தொடங்கியது, எந்தத் தட்டையில் இலை வெளிறியது என்பதை முதலாளிக்கும் அதிகாரிக்கும் முன்பே பார்ப்பவர்கள் அவர்கள்தான். மருந்தடித்த செடிக்குள் கை விடுபவர்களும் அவர்கள்தான். ஆனால் எந்தப் பயிற்சிக் கூட்டத்துக்கும் அவர்களை அழைப்பதில்லை. அவர்கள் வேலை செய்யும் நிலம் பெரும்பாலும் கேரளத்தில். அவர்கள் வீடு, ரேஷன் அட்டை, ஓட்டு எல்லாம் தமிழ்நாட்டில். மலையின் விவசாயத் துறைக்கு அவர்கள் வேறு மாநிலத்தார், அடிவாரத்தின் துறைக்கு அவர்கள் வேலை செய்யும் தோட்டம் வேறு மாநிலம். விளைவைத் தாங்குகிறவரின் சொல் முடிவெடுக்கிறவர் காதுக்குப் போகும் வழியே இல்லை.

குவியலுக்கு எண் ஏற்கெனவே இருக்கிறது. வாரியத்துக்கு ஆய்வகங்கள் இருக்கின்றன. ஏலத்துக்கு வரும் குவியல்களில் சிலவற்றையாவது வாரந்தோறும் சோதித்து, முடிவை அந்தத் தோட்டக்காரருக்கு மட்டும், அபராதம் இல்லாமல், அடுத்த சுற்று மருந்தடிக்குமுன் தெரிவிக்க முடியும். எச்சம் குறைந்த காய்க்கு ஏலத் திரையில் ஓர் அடையாளமும் கொடுக்கலாம். விலையே மீதியைக் கற்பிக்கும். ஒரு சரிவின் தோட்டக்காரர்களும் அங்கே பறிக்கும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து பூச்சியை எண்ணும் வயல்வெளிப் பள்ளியை வரும் பருவத்தில் ஒன்றிரண்டு இடங்களிலாவது தொடங்கலாம். நறுமணப் பொருள் வாரியமும் இரு மாநில வேளாண் துறைகளும் இதைச் செய்ய வேண்டும். அப்பெண்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அழைக்க வேண்டும்.